திருடருக்கு விளக்குக் கொடுத்தவர்

பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி. இந்த ஊர்களைச் சுற்றியுள்ள நிலமெல்லாம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பெய்யாவிட்டால் கருவேல மரமும் பனை மரமும்தான் மிச்சம். இங்கே ஒரு மூட்டை சோளம் களவு போனால் அது சிறிய நஷ்டம் அல்ல. ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சோறு போய்விட்டது என்று அர்த்தம்.

அதனால்தான் ஒரு பேச்சு இங்கே ஓய்வதே இல்லை. கிணற்று மோட்டாரைத் திருடியவன் பிடிபடுகிறான். சில மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். இவ்வளவு குறைந்த தண்டனை கொடுத்தால் திருடனுக்குப் பயம் எப்படி வரும் என்று ஒருவர் கேட்கிறார். ஜெயிலுக்குப் போனவன் திருந்தியா வருகிறான், பெரிய திருடனாக அல்லவா வருகிறான் என்று இன்னொருவர் மடக்குகிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இந்தக் கேள்வியைத் தம் சொந்த உடம்பின்மேல் விழுந்த அடியோடு சந்தித்த மனிதர் ஒருவர் இதே சீமையில் பிறந்தார். அவரை உலகம் ரமண மகரிஷி என்று அறியும். அவரைத் தவசி என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்த கதை பலருக்குத் தெரியாது. அந்தக் கதைக்காகவே அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

திருச்சுழி வக்கீலின் மகன்

திருச்சுழியில் சுந்தரம் ஐயர் என்று ஒருவர் இருந்தார். ஏழைக் குடும்பம். 12 வயதில் மாதம் 2 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். பிறகு மனு எழுதிக் கொடுத்தார். கடைசியில் கோர்ட்டில் வாதாட அனுமதி பெற்றார். பெரிய பட்டம் எதுவும் இல்லாமலே ஊரில் பெயர் பெற்ற வக்கீல் ஆனார். அவர் வீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றில் குடும்பம் இருந்தது. மற்றது வழிப்போக்கர்களும் விருந்தாளிகளும் தங்குவதற்கு.

அந்தக் காலத்தில் பஸ் கிடையாது. மாட்டு வண்டிதான். இரவு நேரத்தில் இந்த வழிகளில் வண்டி போவது ஆபத்து. கொள்ளைக்காரர்கள் மறிப்பார்கள். ஆனால் வண்டியில் இருப்பவர் சுந்தரம் ஐயர் என்று தெரிந்தால் தொடாமல் விட்டுவிடுவார்களாம். அவருடைய நியாயத்துக்கும் தாராள குணத்துக்கும் அவர்கள்கூட மரியாதை கொடுத்தார்கள் என்று ரமணரின் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இதில் யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் கொள்ளைக்காரர்கள் ஜெயிலுக்கு அஞ்சித் தொழிலை விடவில்லை. ஆனால் ஒரு நல்ல மனிதரைக் கண்டு வழி விட்டார்கள். அப்படியானால் கெட்டவன் மனத்திலும் வெட்கம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி இரண்டாவது மகன் பிறந்தான். ஆருத்திரா தரிசன நாள் அது. குழந்தைக்கு வேங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள்.

1892-ல் சுந்தரம் ஐயர் காலமானார். வேங்கடராமனுக்கு அப்போது வயது 12. குடும்பம் பிரிந்தது. வேங்கடராமனும் அவன் அண்ணன் நாகசாமியும் மதுரையில் சிறிய தகப்பனார் வீட்டில் தங்கிப் படித்தார்கள். வேங்கடராமன் படிப்பில் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. விளையாட்டில் சூரன். படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்.

மூன்று ரூபாய்க் கணக்கு

1896-ம் ஆண்டு ஜூலை மாதம். வேங்கடராமனுக்கு வயது 16. வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது மரண பயம் அவனைப் பற்றியது. அவன் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் படுத்தான். சாவது உடம்பு மட்டுமே, தான் அல்ல என்று உணர்ந்தான். அன்று முதல் அவன் மனம் படிப்பிலும் விளையாட்டிலும் நிற்கவில்லை.

ஆகஸ்டு 29-ந் தேதி அவன் வீட்டை விட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்காக 5 ரூபாய் அவன் கையில் இருந்தது. ரெயிலுக்கு வேண்டும் என்று நினைத்த 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டான். மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும், 2 ரூபாய் அங்கே இருக்கிறது என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தான்.

துறவு பூண்டு போகிற பையன் கணக்குக் காட்டிவிட்டுப் போகிறான்! தான் எடுத்ததை மறைக்கவில்லை. இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்கு வேண்டும்.

செப்டம்பர் 1-ந் தேதி அவன் திருவண்ணாமலை சேர்ந்தான். பிறகு 54 வருஷம் அந்த ஊரை விட்டு வேறு எங்கும் போகவில்லை.

கல்லடியும் பாறையும்

முதலில் அவர் அருணாசலேசுவரர் கோயிலில் இருந்தார். பேசாமல், அசையாமல் உட்கார்ந்திருந்த இளைஞரைப் பொல்லாத சிறுவர்கள் கல்லால் அடித்தார்கள். அவர் பாதாள லிங்கம் இருக்கும் இருட்டறைக்குள் போய் உட்கார்ந்தார். அங்கே பூச்சிகள் அவர் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின. அன்பர்கள் தூக்கி வெளியே கொண்டு வந்தார்கள்.

பிறகு மலைமேல் விரூபாட்ச குகையில் பல ஆண்டுகள் இருந்தார். ஜனங்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். 1907-ல் கணபதி முனிவர் அவருக்கு ரமண மகரிஷி என்று பெயர் சூட்டினார்.

புகழ் வந்தால் பொறாமையும் வரும் அல்லவா? மலையில் இருந்த வயதான சாது ஒருவருக்கு ரமணரைக் கண்டால் ஆகவில்லை. மேலே இருந்து அவர் பக்கமாகப் பாறைகளை உருட்டிவிட்டார். ஒரு நாள் ரமணர் சத்தமில்லாமல் மேலே ஏறிப் போய் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தார். விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லிச் சிரித்து மழுப்பினார் சாது. ரமணர் யாரிடமும் புகார் சொல்லவில்லை.

இன்னொரு சம்பவத்தையும் கேளுங்கள். ஒரு முறை ரமணர் மலையில் நடந்து போகும்போது புதருக்குள் இருந்த குளவிக் கூட்டின்மேல் அவர் கால் பட்டுவிட்டது. குளவிகள் பாய்ந்து வந்து அந்தக் காலையே கொட்டின. அவர் ஓடவில்லை. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கூட்டைக் கலைத்த கால் தண்டனை அனுபவிக்கட்டும் என்று நின்றார். தொடை வீங்கிப் போயிற்று.

பிறர் பாறையை உருட்டினால் பொறுத்துக்கொண்டார். தம் கால் தெரியாமல் ஒரு கூட்டைக் கலைத்ததற்கு முழுத் தண்டனையையும் ஏற்றுக்கொண்டார். நாம் செய்வது என்ன? பிறர் தவறுக்குப் பெரிய தண்டனை கேட்கிறோம். நம் தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறோம்.

ஜூன் 26, இரவு 11 1/2 மணி

1916-ல் தாய் அழகம்மாள் மகனோடு வந்து தங்கினார். 1922-ம் ஆண்டு மே 19-ந் தேதி அவர் காலமானார். மலை அடிவாரத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ரமணர் மலையிலிருந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். கூரைக் கொட்டகைதான் அப்போது ஆசிரமம்.

1924-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி. இரவு மணி 11 1/2. ரமணரும் சில சீடர்களும் கொட்டகைக்குள் இருந்தார்கள். வெளியே திருடர்கள் வந்து ஜன்னலை உடைக்கத் தொடங்கினார்கள். உள்ளே இருந்தவர்களை மிரட்டினார்கள். துப்பாக்கி இருப்பதுபோல் காட்டுவதற்காகப் பட்டாசு வெடித்தார்கள்.

உள்ளே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று ரமணர் சொல்லச் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. கூரைக்குத் தீ வைப்போம் என்றார்கள். அது வேண்டாம், நாங்கள் எல்லோரும் வெளியே போய்விடுகிறோம் என்று ரமணர் சொன்னார். ஆசிரமத்தில் கருப்பன் என்று ஒரு நாய் இருந்தது. திருடர்கள் அதை அடித்துவிடுவார்களே என்று, முதலில் அதைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வாசலில் நின்ற திருடர்கள் கம்பால் அடித்தார்கள். ரமணருக்கும் இடது தொடையில் அடி விழுந்தது. இது போதாது என்றால் மற்ற காலிலும் அடிக்கலாம் என்றார் அவர்.

சீடர் ஒருவருக்கு இரத்தம் கொதித்தது. இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு திருடர்கள்மேல் பாயக் கிளம்பினார். ரமணர் தடுத்தார். அவர்கள் வேலை அவர்களுக்கு. நாம் சாதுக்கள், பொறுமைதான் நம் தர்மம் என்றார். கம்பியால் அடித்து ஒருவன் செத்துப்போனால் உலகம் நம்மைத்தான் குறை கூறும் என்று எடுத்துச் சொன்னார். நம் பல் நம் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லைத் தட்டி எறிந்துவிடுவோமா என்று கேட்டார்.

திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். ஒரே இருட்டு! விளக்கு வேண்டும் என்று கேட்டார்கள். ரமணர் சொற்படி அரிக்கன் விளக்கை ஏற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரரே திருடருக்கு விளக்குக் கொடுத்தார்!

வெளிச்சம் வந்தும் என்ன பயன்? அலமாரியில் புதையலா இருந்தது? சாமிக்குச் சாத்தும் சில வெள்ளித் தகடுகள், கொஞ்சம் அரிசி, சில மாம்பழங்கள், ஒருவர் வைத்திருந்த ஆறு ரூபாய். பணம் எங்கே என்று கம்பை ஓங்கிக்கொண்டு கேட்டார்கள். நாங்கள் பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவர்கள், எங்களிடம் பணம் ஏது என்றார் ரமணர். இரவு 2 மணிக்கு அவர்கள் போய்விட்டார்கள்.

உதவி தேடி ஊருக்குள் போனவர்கள் போலீஸாரோடு திரும்பி வந்தார்கள். ரமணர் சீடர்களோடு அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார். யாரோ அறியாதவர்கள் வந்தார்கள், அவர்கள் சிரமத்துக்குத் தகுந்தபடி ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்து போனார்கள் என்று மட்டும் சொன்னார். மறுநாள் போலீஸ் அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். சில நாட்களில் திருடர்கள் பிடிபட்டார்கள். பொருள்கள் திரும்பக் கிடைத்தன. திருடர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இரண்டு தர்மம்

கதை இங்கே முடிந்தால், மகான் மன்னித்தார், நாமும் எல்லாத் திருடரையும் விட்டுவிட வேண்டியதுதான் என்று சிலர் சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம்.

ரமணர் சொன்னதைக் கவனியுங்கள். பொறுமை சாதுக்களின் தர்மம் என்றார். போலீஸாரை உள்ளே விடாதே என்று அவர் சொல்லவில்லை. வழக்கு வேண்டாம் என்று கோர்ட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. அடிபட்டவர் பழி வாங்கவில்லை. ஊரைக் காக்க வேண்டியவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். இரண்டும் தனித்தனிக் காரியங்கள். இன்று நாம் இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம். நம் கோபம் தணிவதற்கு எவ்வளவு தண்டனை வேண்டுமோ அவ்வளவையும் நீதிபதி கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

சாது தம் பொருளை விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அடுத்த வீட்டு விதவையின் ஆட்டைத் திருடியவனை மன்னிக்க அவருக்கு உரிமை உண்டா? இல்லை. அதற்குத்தான் சட்டம் இருக்கிறது.

அப்படியானால் கடுமையான சட்டம் போதுமா? அதையும் இந்தச் சீமை பார்த்திருக்கிறது. வெள்ளைக்கார சர்க்கார் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தது. 1911-ல் அதை இந்த மாகாணத்துக்கும் சேர்த்து இறுக்கியது. ஒருவன் திருடினானா இல்லையா என்று பார்க்கவில்லை. அவன் பிறந்த ஜாதியையே பார்த்தார்கள். கைரேகை வாங்கினார்கள். இரவில் போலீஸாரிடம் ஆஜர் கொடுக்கச் சொன்னார்கள். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி இதை எதிர்த்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் மாண்டார்கள். இவ்வளவு கடுமையாலும் களவு ஒழியவில்லை. களவு செய்யாதவனுக்கும் கெட்ட பெயர் ஒட்டியதுதான் மிச்சம். சென்னை மாகாணத்தில் 1947-ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1952-ல் நாடு முழுவதும் ஒழிந்தது.

சுவர் இல்லாத ஜெயில்

ரமணரைத் தேடி 1930-களில் வந்தவர்களில் ஒருவர் மாரிஸ் பிரிட்மன். போலந்து நாட்டில் பிறந்த என்ஜினீயர். பெங்களூரில் சர்க்கார் மின்சாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரமணரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டுப் பதில்களைக் குறித்துக்கொண்டார். காந்தியடிகளிடமும் அவருக்குப் பக்தி உண்டு.

இந்த பிரிட்மன், மராட்டியப் பகுதியில் இருந்த ஔந்த் என்ற சிறிய சமஸ்தானத்துக்குப் போனார். அங்கே ராஜாவின் ஆதரவோடு 1939-ல் சுதந்திரபுரம் என்ற திறந்தவெளிச் சிறை தோன்றியது. பெரிய மதில் இல்லை. கைதிகள் நிலத்தை உழுது பயிரிட்டார்கள். நம்பிக்கைதான் காவல். ரமணர் சொல்லித்தான் அவர் இதைச் செய்தார் என்று நாம் கூறவில்லை. ஆனால் மனிதனை அவன் செய்த குற்றத்தோடு முடித்துவிடக் கூடாது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இந்தச் சோதனையை ஆதாரமாக வைத்து சாந்தாராம் 1957-ல் ஒரு இந்திப் படம் எடுத்தார். ஆறு கொலைகாரர்களைத் தரிசு நிலத்துக்கு அழைத்துப் போய்த் திருத்தும் ஜெயிலர் கதை அது. 1975-ல் எம்.ஜி.ஆர். நடித்து அது தமிழில் பல்லாண்டு வாழ்க என்ற படமாக வந்தது. நம்மில் பலர் பார்த்த படம்தான்.

படத்தில் மட்டும் அல்ல. இன்றும் சிவகங்கை மாவட்டத்தில் புரசடைஉடைப்பு என்ற இடத்தில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. அங்கே கைதிகள் விவசாயம் செய்கிறார்கள். நம்மைப் போலவே வறண்ட பூமிதான் அதுவும்.

யாரை அடைப்பது, யாரை விடுவது?

கோர்ட்டின் கையில் ஜெயில் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் அல்லாத வழக்குகளில், தக்க காரணம் இருந்தால் நீதிபதி குற்றவாளியை நன்னடத்தைப் பத்திரம் வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். அவனைக் கண்காணிக்க நன்னடத்தை அதிகாரி உண்டு. 21 வயதுக்கு உட்பட்டவனை இப்படிப்பட்ட வழக்கில் ஜெயிலுக்கு அனுப்பினால், அதற்குக் காரணம் எழுத வேண்டும்.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடியவன், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவனுக்குச் சமூக சேவைதான் தண்டனை. வீடு புகுந்து அடித்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆசிரமத்தில் நடந்ததுபோன்ற காரியத்துக்கு இன்றும் ஜெயில்தான். அதுவே சரி. கம்பால் அடித்தவனையும், பசிக்கு ஒரு குலை வாழைக்காய் திருடியவனையும் ஒரே அறையில் அடைத்தால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான். சிறியவன் பெரியவனிடம் பாடம் படித்துவிட்டு நம் தெருவுக்கே திரும்பி வருவான்.

ஜெயில்களில் இடமும் இல்லை. 2022-ம் ஆண்டின் முடிவில் நாட்டின் சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம் இருந்தது. உள்ளே இருந்தவர்களோ 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு வராதவர்கள்! குறைந்த தண்டனையா, கூடுதல் தண்டனையா என்று நாம் சண்டை போடுகிறோம். நாலில் மூன்று பேருக்கு இன்னும் தண்டனையே சொல்லவில்லை. குற்றம் செய்யாதவன் உள்ளே காத்திருக்கிறான். பொருளைப் பறிகொடுத்தவன் வெளியே காத்திருக்கிறான். தண்டனை பெரிதா சிறிதா என்பதைவிட, அது தவறாமல் வருமா, சீக்கிரம் வருமா என்பதுதான் திருடனின் மனத்தில் பயத்தை உண்டாக்கும்.

திரும்பி வருகிறவன்

1949-ல் ரமணரின் கையில் ஒரு கட்டி வந்தது. பல முறை ஆபரேஷன் செய்தும் குணமாகவில்லை. அந்த வேதனையிலும் தம்மைப் பார்க்க வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது என்றார். 1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு அவர் உயிர் பிரிந்தது. அவர் பிறந்த திருச்சுழி வீடு இன்றும் சுந்தர மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

நாம் ரமணர் ஆக முடியாது. திருடனுக்கு விளக்குக் கொடுக்க நமக்கு மனம் வராது. அப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்கவும் இல்லை. திருடனைக் கண்டால் போலீஸாரிடம் சொல்லுங்கள். கோர்ட்டில் சாட்சி சொல்லப் பயப்படாதீர்கள். ஆனால் பிடிபட்டவனை மரத்தில் கட்டி வைத்து ஊரே சேர்ந்து அடிக்க வேண்டாம். இரும்புக் கம்பியை எடுத்த சீடருக்கு ரமணர் சொன்னது நமக்கும் சேர்த்துத்தான்.

இன்னும் ஒன்று. தண்டனை முடிந்து ஒருவன் ஊருக்கு வருகிறான். தறியில் உட்கார அவனை யாரும் விடுவதில்லை. காட்டு வேலைக்குக் கூப்பிடுவதில்லை. கடைக்காரர் ஒரு படி அரிசி கடன் கொடுப்பதில்லை. பிறகு அவன் எதைத் தின்பான்? கோர்ட்டு அவனுக்கு ஆறு மாதம் கொடுத்தது. நாம் ஆயுள் தண்டனை கொடுக்கிறோம். கணக்குக் காட்டி மூன்று ரூபாய் எடுத்துப்போன அந்தப் பையனின் சீமையில், கணக்கைத் தீர்த்துவிட்டு வந்தவனுக்கு ஒரு நாள் கூலி வேலையாவது கொடுக்கலாம் அல்லவா?